பட்டுப்புடவை எடுக்கும் முன்: தையல் மேசையில் கேட்ட கேள்விகள்

கும்பகோணத்தில் ரவிக்கை தைத்து, புடவைக்கு ஃபால்ஸ் வைத்து, முந்தானையில் குஞ்சம் கட்டிக் கொடுப்பது என் வேலை. புடவை விற்பதில்லை. ஆனாலும் வருகிறவர்களில் பாதிப்பேர் தையலைப் பற்றிக் கேட்பதைவிட, அடுத்து என்ன பட்டு எடுக்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். கடைக்காரர் ஒரு புடவையைப் புதிதாக இருக்கும்போது மட்டும் பார்க்கிறார். எனக்கு அதே புடவை ஆறேழு ஆண்டுகள் கழித்து, மடிப்பில் வெடித்தோ கரை நைந்தோ மறுபடி மேசைக்கு வரும். அப்படிப் பார்த்ததை வைத்துத்தான் இந்தப் பதில்கள்.

அக்கா, எந்தப் பட்டு உசத்தி?

எந்த நாளுக்கு, எத்தனை மணி நேரம் கட்ட, அதற்குப் பிறகு எத்தனை தடவை கட்ட? இந்த மூன்றையும் முதலில் சொல்லுங்கள். தாலி கட்டும் நேரத்துக்கான கூறைப்புடவை என்றால் கனமான காஞ்சிபுரம் பொருந்தும். அது வாழ்நாளில் நாலைந்து முறைதான் பெட்டியைவிட்டு வெளியே வரும். மாதம் இருமுறை பள்ளிக்கூடத்துக்கோ வங்கிக்கோ கட்டிப்போக அதே புடவையை எடுத்தால் உடம்பும் நோகும், புடவையும் நோகும்.

ஒரு சித்திரை மாதம், பெண்ணின் திருமணத்துக்காக ஓர் அம்மா தனக்கென்று ஏறக்குறைய ஒரு கிலோ எடையில் புடவை எடுத்தார். காலை ஐந்து மணிக்குக் கட்டியவர், முகூர்த்தம் முடிந்த கையோடு அறைக்குப் போய்ப் பருத்திப் புடவைக்கு மாறிவிட்டார். திருமண ஆல்பத்தில் பாதிப் படங்களில் இருப்பது அந்தப் பருத்திப் புடவைதான்.

பட்டில் மொத்தம் எத்தனை வகை? கடையில் சொல்லும் பெயர்கள் குழப்புகின்றன.

குழப்பத்துக்குக் காரணம், மூன்று விதமான பெயர்களை ஒரே மூச்சில் சொல்வது. காஞ்சிபுரம், ஆரணி, பனாரஸ், மைசூர் எல்லாம் ஊர்ப் பெயர்கள். கிரேப், ஆர்கன்சா, ஜார்ஜெட், சாட்டின் என்பவை நூலைப் பக்குவப்படுத்திய விதத்தையும் நெசவையும் சொல்பவை. மல்பெரி, டஸ்ஸர், எரி, முகா என்ற நான்கும்தான் பட்டின் இனங்கள். அவற்றைப் பிரிப்பது புழுவும் அது தின்னும் இலையும்.

மல்பெரிப் புழு முசுக்கொட்டை இலையைத் தின்று வீட்டுக்குள் வளரும். டஸ்ஸர் புழு மருதமரம் போன்ற காட்டு மரங்களில் திறந்தவெளியில் வளரும். எரிப் புழுவுக்கு ஆமணக்கு இலை. முகா அசாமின் சொத்து. இந்த நான்கும் விளைகிற ஒரே நாடு இந்தியா. நம் ஊர்க் கடைகளில் வெறுமனே ‘பட்டு’ என்றால் அது மல்பெரிதான். காஞ்சிபுரம், திருபுவனம், தர்மவரம், மைசூர், பனாரஸ் எல்லாவற்றுக்கும் அடிப்படை நூல் அந்த ஒரே புழு கொடுப்பதுதான்.

ஒரே புழு என்றால், காஞ்சிபுரம் அட்டை போல் நிற்பதும் மைசூர் சில்க் தண்ணீர் போல் வழிவதும் எப்படி?

இதைப் புரிந்துகொண்டால் பாதிப் புடவைகளை நீங்களே கணித்துவிடலாம். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

கூட்டிலிருந்து இழுக்கும் இழையைச் சுற்றி ஒரு பசை இருக்கிறது. செரிசின் என்று பெயர். கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதுதான். சோப்பு நீரில் கொதிக்கவைத்தால் பசை கரைந்து போகும். பட்டுக்கே உரியது என்று நாம் நினைக்கும் மினுமினுப்பும் வழவழப்பும் அதற்குப் பிறகுதான் வெளியே வரும். அந்தப் பசையை எடுக்காமலே நெய்தால் துணி விறைப்பாக, கண்ணாடித்தாள் போல் நிற்கும். ஆர்கன்சா அதுதான், வடக்கே கோரா என்கிறார்கள். மத்தியப் பிரதேசத்துச் சந்தேரிப் புடவையின் பாவிலும் (நீளவாக்கில் ஓடும் நூல்) பசை நீக்காத மெல்லிய பட்டு இழைதான் ஓடுகிறது, ஊடையில் (குறுக்கே ஓடும் நூல்) பெரும்பாலும் பருத்தி. நம் கோவைக் கோரா காட்டனும் இந்தக் குடும்பம்தான். எடை இல்லாமலே மடிப்பு நிற்கும் என்பதால் அலுவலகம் போகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

அடுத்தது முறுக்கு. ஊடை நூலுக்கு அளவுக்கு மீறி முறுக்கேற்றி, வலப்பக்கம் முறுக்கியதையும் இடப்பக்கம் முறுக்கியதையும் மாற்றி மாற்றி விட்டு நெய்து, பிறகு பசையை நீக்கினால், நூல் துள்ளிச் சுருண்டுகொள்ளும். துணி முழுக்கக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பொடி மேடு விழும். அதுதான் கிரேப். மைசூர் சில்க் பெரும்பாலும் இந்த வகை. கையில் அள்ளினால் விரலிடுக்கில் நழுவும். ஜார்ஜெட்டில் பாவு, ஊடை இரண்டுக்குமே முறுக்கு.

காஞ்சிபுரத்தில் நெசவுக்கு முன்பே நூலைப் பக்குவப்படுத்திவிடுகிறார்கள். பல இழைகளைச் சேர்த்து முறுக்கி, பசை எடுத்து, சாயம் தோய்த்து, பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவி, பிறகு தறியில் ஏற்றி நெருக்கமாக அடித்து நெய்கிறார்கள். விடியற்காலையில் காஞ்சிபுரத்துத் தெருவில் பாவு நீட்டியிருப்பதைப் பார்த்தவர்களிடம், அந்த விறைப்பு எங்கிருந்து வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை.

காஞ்சிபுரம், ஆரணி, திருபுவனம்: கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியுமா?

புடவையைத் திருப்பிப் பாருங்கள். நல்ல பக்கத்தைப் பார்த்து யாரும் எதையும் சொல்லிவிட முடியாது.

காஞ்சிபுரத்தின் பெருமை கோர்வை. ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா உடலுக்கு ஒன்று, இரண்டு கரைகளுக்கும் இரண்டு என்று மூன்று ஓடும். உடலின் நிறமும் கரையின் நிறமும் சந்திக்கும் இடத்தில் நூலோடு நூலைப் பூட்டிக்கொண்டே நெய்வார்கள். பழைய முறையில் ஒரு கரையின் நாடாவைத் தள்ளவே இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். பின்பக்கத்தில் அந்தச் சந்திப்பு பூட்டுப் பூட்டாக விரலில் தட்டுப்படும். முந்தானைக்குப் பாவின் நிறத்தையே மாற்றி, பழைய இழையோடு புதிய இழையை ஒவ்வொன்றாகப் பிணைப்பது பெட்னி. அந்த இடத்தில் குறுக்கே ஒரு தடிமன் ஓடும். முந்தானையில் உடலின் நிறம் நிழலாடினால் பெட்னி போடவில்லை என்று அர்த்தம். போடாதது குற்றமும் இல்லை. ஆனால் பெட்னிக்கு உரிய விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

ஆரணிப் பட்டு கொஞ்சம் எடை குறைந்தது, நாள் முழுக்கக் கட்டலாம். திருபுவனம் எங்களுக்கு எட்டிப்பார்க்கும் தூரம், அதனால் என் பேச்சில் ஊர்ப்பாசம் இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள். சௌராஷ்டிர நெசவாளர்கள் நெய்வது. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெட்டியைத் திறந்தால் சதுரமாக மடித்திருக்காது. விசிறி மடிப்பாக, கொசுவம் வைத்ததுபோல் அடுக்கியிருக்கும். அந்த மடிப்பைப் பிரித்து ஃபால்ஸ் வைத்துவிட்டு, மறுபடி அதேபோல் மடிக்க எனக்கு இன்றுவரை வரவில்லை.

சாஃப்ட் சில்க் என்பது தனிப் பட்டா?

தனியாகச் சாஃப்ட் புழு என்று ஒன்று கிடையாது. அதே மல்பெரி நூல்தான். இழை மெலிந்தது, ஜரிகை குறைந்தது, நெசவு இலகுவானது. கோவைப் பக்கம் சிறுமுகையில் நெய்வதைப் பலர் தேடி வாங்குகிறார்கள். கட்டுவதற்குச் சுகம், கொசுவம் சொன்னபடி கேட்கும். வேலைக்குப் போகும் பெண்கள் முதல் பட்டாக எடுப்பதற்கு நல்ல தேர்வு.

அதன் ரவிக்கைத் துணியில்தான் எனக்குத் தலைவலி. இறுக்கித் தைத்தால் கைக்குழியிலும் முதுகிலும் தையலை ஒட்டி இழைகள் விலகி, கொசுவலை போல் இடைவெளி விழும். கிழிந்தது என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். உண்மையில் ஒரு நூல்கூட அறுந்திருக்காது. கடையிலேயே சோதிக்கலாம். ரவிக்கைத் துணியை இரு கைக் கட்டைவிரல்களுக்கு நடுவில் வைத்து, பக்கவாட்டில் மிதமாக இழுங்கள். இழை விலகி ஒளி தெரிந்தால், புடவையை எடுங்கள், ரவிக்கைக்கு வேறு துணி பாருங்கள்.

டஸ்ஸர் யாருக்குப் பொருந்தும்?

பளபளப்பு பிடிக்காதவர்களுக்கு. டஸ்ஸரின் இயல்பான நிறமே தேனுக்கும் வைக்கோலுக்கும் இடைப்பட்டது. இழை தட்டையாக, ஏற்றத்தாழ்வோடு இருக்கும். அதனால் வெளிச்சம் பட்டால் மின்னாமல் மங்கலாக ஒளிரும். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் விளைகிறது. பிகாரின் பாகல்பூர் இதை நெய்வதில் பெயர்பெற்ற ஊர். சத்தீஸ்கரில் கோசா என்பார்கள். காற்று புகும். மே மாதத்துக் கிரகப்பிரவேசத்துக்கு மல்பெரியைவிட இதுதான் தாங்கும்.

மல்பெரி அளவுக்குப் பளிச்சென்று சாயம் ஏறாது. மிகக் குறைந்த விலையில், கண்ணைப் பறிக்கும் நிறத்தில் வழவழவென்று ஒரு ‘டஸ்ஸர்’ கிடைத்தால் அவசரப்படாதீர்கள். ‘செமி டஸ்ஸர்’ என்ற பெயரில் இப்போது குவிந்து கிடப்பதில் டஸ்ஸர் இழை இருக்கிறதா என்று கேட்டால், கேட்ட உடனே கடைப் பையன் வேறு அடுக்கைக் காட்டுவான். இன்னொன்று: வெட்டிய ஓரம் பிரிந்துகொண்டே வரும். தைக்கிறவரிடம் உள்தையலுக்கு அதிகத் துணி விடச் சொல்லுங்கள்.

எரிப் பட்டு உயிர்க்கொலை இல்லாதது என்கிறார்களே?

பாதி உண்மை. மல்பெரிக் கூட்டை அந்துப்பூச்சி துளைத்துக்கொண்டு வெளியேறினால் நீள இழை துண்டு துண்டாகிவிடும். அதனால் கூட்டை நீராவியிலோ சூட்டிலோ வைத்து உள்ளிருக்கும் கூட்டுப்புழுவைக் கொன்றுவிடுகிறார்கள். ஒரு கனமான புடவைக்கு ஆயிரக்கணக்கில் கூடுகள் ஆகும். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் பட்டு உடுத்த வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். பட்டுக்குப் பெயர்போன ஊரில் இருந்த மடத்திலிருந்து வந்த சொல் அது.

எரிக் கூடு ஒரு முனையில் திறந்தே இருக்கும். பூச்சி பறந்துபோன பிறகும் கூட்டைப் பஞ்சுபோல் பிய்த்து நூற்கலாம். நூற்கலாம் என்பதால் எப்போதும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வடகிழக்கில் எரிக் கூட்டுப்புழு விரும்பிச் சாப்பிடும் உணவு. மல்பெரியிலும் பூச்சி வெளியேறிய பின் நூற்கும் முறையை ‘அகிம்சைப் பட்டு’ என்று பரப்பியவர் ஹைதராபாத்தின் குசுமா ராஜையா. ஆக, கொள்கைக்காக எடுப்பவர்கள் பட்டின் பெயரைக் கேட்டால் போதாது. கூட்டை என்ன செய்தார்கள் என்று கேட்க வேண்டும்.

துணியாகப் பார்த்தால் எரி மங்கலானது, கதகதப்பானது, கம்பளிக்கு ஒன்றுவிட்ட தங்கை. துவைக்கத் துவைக்க மென்மையாகும். மார்கழிக் கச்சேரிக்கும் ஊட்டிக்கும் சரி; நம் ஊர்ச் சித்திரைக்கு வேண்டாம்.

முகா?

சாயம் போடாமலே பொன்னிறம். நீடித்து உழைக்கும். அசாமில் குவஹாத்திக்கு அருகே சுவால்குச்சி நெசவுக்குப் புகழ்பெற்ற ஊர். விளைச்சல் குறைவு, விலை அதிகம், டஸ்ஸரைக் கலந்து முகா என்று விற்பதும் உண்டு. அசாமுக்குப் போகும்போது நம்பகமான இடத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே தேடி அலைய வேண்டாம்.

வரவேற்புக்கு ஆர்கன்சா எடுக்க ஆசை. எடுக்கலாமா?

எடுங்கள், ஆனால் அதன் குணம் தெரிந்து எடுங்கள். காரில் உட்கார்ந்து எழுந்தால் விழும் சுருக்கம் அங்கேயே நிற்கும். வளையல் முனையில், மோதிரக் கல்லில் மாட்டினால் இழை இழுத்துக்கொண்டு வரும். உடம்பைப் பெரிதாகக் காட்டும். இது ஒல்லியானவர்களுக்கு வரம், மற்றவர்கள் கண்ணாடி முன் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். சுடுதண்ணீரில் சோப்பு போட்டு ஊறவைத்தால் முன்பு சொன்ன பசை கரைந்து, எடுத்த விறைப்பு எல்லாம் தொட்டியிலேயே போய்விடும். வழக்கமான பருத்தி ஃபால்ஸை இதற்கு வைத்தால் வெளியே பட்டையாகத் தெரியும். அதே துணியில் ஒரு பட்டையோ மெல்லிய நெட்டோ வைக்கச் சொல்லுங்கள்.

ரா சில்க் என்றால் கச்சாப் பட்டா?

பெயர்தான் அப்படி. ரவிக்கைத் துணிக் கடையில் ரா சில்க் என்று கொடுப்பது பெரும்பாலும் டுபியன். இரண்டு புழுக்கள் சேர்ந்து கட்டிய ஒரே கூட்டிலிருந்து எடுக்கும் நூலில் முடிச்சும் திரட்டும் விழும். அந்தச் சொரசொரப்புக் கோடுகள்தான் அதன் அழகு. ரவிக்கைக்கு மிக நல்லது. முழுப் புடவையாகக் கட்டினால் இடுப்பில் கொசுவம் மூட்டை போல் நிற்கும்.

ஆர்ட் சில்க் கொஞ்சம் கலைநயமாக நெய்தது என்று நினைத்து எடுத்துவிட்டேன்.

நீங்கள் மட்டுமில்லை. அந்த ‘ஆர்ட்’ செயற்கை என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். விஸ்கோஸ், பாலியஸ்டர் இழைகளில் நெய்தது. ‘செமி’, ‘ஃபேன்சி’, ‘பட்டு போன்ற’ எல்லாம் அதே தெருவில் குடியிருப்பவை. அதை அதுவென்று தெரிந்து, அதற்குரிய விலைக்கு வாங்கினால் என்ன கெட்டுவிடும்? கொலுவுக்குப் பத்து வீடு ஏறி இறங்க, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பந்தியில் பரிமாற, அதைவிட வசதியான புடவை வேறில்லை. பட்டு விலை கொடுத்து வாங்கியதுதான் வருத்தம்.

வீட்டில் எப்படிச் சோதிப்பது?

மோதிரத்துக்குள் புடவையை இழுத்துக் காட்டும் வித்தையை மறந்துவிடுங்கள். பாலியஸ்டர் ஷிஃபானும் மோதிரத்துக்குள் போகும். ஒரு கிலோ காஞ்சிபுரம் போகாது.

நூலை எரித்துப் பார்ப்பதுதான் எளிது. பட்டு, முடி கருகும் நாற்றத்தோடு எரியும். தீயை எடுத்ததும் தானே அணைந்துவிடும். மிஞ்சும் கரி விரலில் தேய்த்தால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக உறையும். விஸ்கோஸ் காகிதம் எரிவதுபோல் எரிந்து சாம்பலாகும். சாமி விளக்கில் வேண்டாம், ஒரு தட்டில் வைத்து இடுக்கியால் பிடித்துச் செய்யுங்கள்.

இதில் பலர் தவறவிடும் ஓர் இடம் இருக்கிறது. என்னிடம் வரும் ஓர் ஆசிரியை, முந்தானை நுனியில் தொங்கும் இழையைப் பிடுங்கி எரித்து, முடி நாற்றம் வந்ததும் மகிழ்ந்துபோனார். ஓரத்தை மடித்துத் தைக்கும்போது குறுக்கு நூல் ஒன்று என் கையோடு வந்தது. அதை எரித்தோம், மணி போல் உருண்டது. முந்தானை நுனியில் தொங்குவது பாவு நூல் மட்டுமே. பாவைப் பட்டாகவும் ஊடையை வேறாகவும் வைத்து நெய்தால் அந்தச் சோதனையில் தேறிவிடும். வெட்டிய ஓரத்திலிருந்து குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்றையும் சேர்த்து எரியுங்கள். உடலில் ஒன்று, கரையில் ஒன்று எடுத்தால் இன்னும் நல்லது.

சில்க் மார்க் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

எதற்கு அந்த முத்திரை என்று தெரிந்துகொண்டு வாங்கலாம். மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004இல் வந்தது சில்க் மார்க். துணி இயற்கைப் பட்டு என்பதற்கு அது உறுதி. அது கைத்தறியா விசைத்தறியா என்று சொல்லாது, அதற்குக் கைத்தறி முத்திரை தனி. காஞ்சிபுரத்தில் நெய்ததா என்றும் சொல்லாது, அதற்குப் புவிசார் குறியீடு தனி. ஜரிகையில் வெள்ளி இருக்கிறதா என்றும் சில்க் மார்க் பேசாது. ‘சில்க் மார்க் இருக்கிறதே, அப்படியானால் ஜரிகையும் அசல்தானே’ என்று கேட்பவர்கள் ஏராளம். அதற்குப் பில்லில் ஜரிகையின் தரத்தை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை.

அசல் ஜரிகை என்றால் தங்கமா?

பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. கைத்தறிச் சங்கங்கள் பயன்படுத்தும் அசல் ஜரிகையில்கூடத் தங்கம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு; வெள்ளி 40 சதவீதம் அளவில் இருக்கும், செம்பும் உண்டு. அடுத்த படியில், செம்புக் கம்பிக்கு மேலே வெள்ளிப் பூச்சும் பொன்னிறமும் கொடுத்த ஜரிகை. கடைசியில் பிளாஸ்டிக் ஜரிகை. சூடு பட்டால் உருகும்.

எந்த ஜரிகை வேண்டும் என்பது, புடவையை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மகளுக்கு எடுத்துவைக்கும் முகூர்த்தப் புடவைக்கு வெள்ளி ஜரிகை போடுங்கள். கறுத்தாலும் மெருகேற்றலாம், என்றைக்காவது விற்றாலும் வெள்ளிக்கு விலை கிடைக்கும். வளைகாப்பு, நிச்சயதார்த்தம் என்று நாலு இடத்துக்குக் கட்டும் புடவைக்கு இரண்டாம் ரகம் போதும். எடையும் அலட்டலும் குறையும். வீட்டுக்குப் போய் ஜரிகையை ஊசியால் சுரண்டிப் பார்க்காதீர்கள். செம்பு எட்டிப் பார்த்தால் உங்கள் மனம் கெடும், பார்க்காவிட்டால் புடவை கெட்டிருக்கும்.

பின்பக்கம் ஜரிகை மிதந்து ஓடும் புடவைக்கு, கால் படும் பகுதியில் உள்ளே நெட் துணி வைத்துத் தரச் சொல்லுங்கள். மெட்டி மாட்டி இழுத்த புடவைகளைத் தைத்தே என் கண் பாதி போய்விட்டது. பனாரஸிலும் இதே சிக்கல் உண்டு. பூக்களைத் தனித்தனியாக நெய்யும் கடுவா முறையில் பின்பக்கம் சுத்தமாக இருக்கும், விலை கூடும். மிதக்கும் நூலை வெட்டிவிடும் முறையில் விலை குறையும், வெட்டிய நுனிகள் உடம்பில் குத்தும்.

விசைத்தறி என்றால் போலிதானே?

விசைத்தறி என்பது நெய்த விதம். நூல் எது என்பது அதிலிருந்து தெரியாது. மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1912இல் தொடங்கிய மைசூர்ப் பட்டு ஆலை இன்று கர்நாடக அரசு நிறுவனம். அங்கே விசைத்தறியில்தான் நெய்கிறார்கள். தூய பட்டு, அசல் ஜரிகை, வாங்க வரிசை நிற்கிறது. விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்று சொல்லி, கைத்தறி விலைக்கு விற்பதுதான் மோசடி. கோர்வையும் பெட்னியும் கைவேலை. அதற்குத்தான் கூடுதல் பணம்.

துவைப்பது, எடுத்துவைப்பது?

கனமான ஜரிகைப் புடவையை வீட்டில் துவைக்காதீர்கள். கட்டி அவிழ்த்ததும் மடித்துவிடாமல், வியர்வை உலரும்வரை நிழலில் கொடியில் போடுங்கள். வெயில் பட்டுக்கு ஆகாது. நிறமும் போகும், இழையும் நலியும். கிரேப்பை நனைத்தால் சுருங்கும். வெள்ளைத் துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவம் பட்டை அரித்தே விடும், பக்கத்தில்கூட வைக்காதீர்கள். சென்ட்டைப் புடவை கட்டும் முன் அடித்துக்கொள்ளுங்கள்.

பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். கடை கொடுத்த பிளாஸ்டிக் உறை கொண்டுவருவதற்கு மட்டும். அந்துருண்டை ஜரிகையைத் தொடக் கூடாது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். என்னிடம் வரும் கிழிசல்களில் பெரும்பாலானவை கட்டியதால் வந்தவை அல்ல. ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, அந்தக் கோட்டில் வெடித்தவை.

ஃபால்ஸ் வைத்ததும் கரை சுருங்கிவிட்டது. புடவை மட்டமானதா?

இல்லை, ஃபால்ஸை நனைக்காமல் தைத்திருக்கிறார்கள். பருத்தி ஃபால்ஸ் முதல் தண்ணீரில் சுருங்கும், பட்டுக் கரை அந்த அளவு சுருங்காது; இரண்டும் இழுத்துக்கொண்டு கரை அலை அலையாகிவிடும். பிரித்து, ஃபால்ஸை ஓர் இரவு ஊறவைத்து இஸ்திரி போட்டுத் திரும்ப வைத்தால் சரியாகும். தையல்காரரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: 16ஆம் எண் ஊசியால் பட்டைத் தைக்க வேண்டாம், 11 போதும். தடித்த ஊசி போட்ட ஓட்டை பட்டில் ஆறாது.

பாட்டியின் முகூர்த்தப் புடவை மடிப்பில் கிழிகிறது. காப்பாற்ற முடியுமா?

உடல் நைந்திருந்தால், ஒட்டுப் போட்டுக் கட்டுவது இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. ஆனால் கரையும் முந்தானையும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், ஜரிகை இழை அவற்றைப் பிடித்து வைத்திருக்கும். கரையை உள்பக்கம் விரலளவு உடலோடு சேர்த்து வெட்டி எடுத்து, அதே எடையுள்ள புதிய பட்டில் வைத்துத் தைக்கலாம். மெல்லிய துணியில் வைத்தால் கரை கீழே இழுக்கும். வெளியே ‘பழைய பட்டு வாங்குகிறோம்’ என்று கூவுகிறவர்கள் வெள்ளிக்காகத்தான் வாங்குகிறார்கள். கொடுப்பதற்குமுன் ஒரு நகைக்கடையில் ஜரிகைத் துணுக்கைக் காட்டி விசாரியுங்கள்.

போன ஆடியில் ஒருவர் அப்படி விற்கக் கிளம்பி, வழியில் என் கடைக்கு வந்தார். அரக்கு உடல், மயில்கண் கரை. உடல் தொட்ட இடமெல்லாம் பிரிந்தது. கிழியாத இடமாகப் பார்த்து இரண்டரை முழம் தேறியது. உள்ளே பருத்தி வைத்து, கரை கீழே வரும்படி அவர் பேத்திக்கு ஒரு பாவாடை தைத்தேன். வளரும் பிள்ளை என்பதால் இடுப்பில் நான்கு விரல் மடித்து விட்டிருக்கிறேன். தீபாவளிக்கு முன் ஒரு மடிப்பைப் பிரித்துவிட வருவார்கள்.